மாட்டுக்கொட்டிலில் ஒரு பேராசிரியர்

1951ஆம் ஆண்டில், முப்பத்தைந்து அகவை நிரம்பாத ஓர் ஆய்வாளர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் பணியைத் துறந்து பரோடா நகருக்கு வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்தியச் சமூகவியலுக்கென ஒரு பணியிடத்தை அவருக்காகவே உருவாக்கிக் கொடுத்திருந்தார் பேராசிரியர் எவான்ஸ் பிரிச்சார்டு. பரோடாவிலோ சமூகவியல் துறையை அவர்தாம் முதலிலிருந்து எழுப்பியாக வேண்டும். மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் தோன்றியே இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. துணைவேந்தர், ஐ.நா. மனித உரிமைப் பேரறிக்கையை வடித்தவர்களுள் ஒருவரான அம்சா மேத்தா. வந்து சேர்ந்த பேராசிரியர், மைசூரில் பிறந்து வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த எம். என். சீனிவாஸ்.

இந்தியச் சமூகவியலின் முதன்மையான பெயர்களுள் ஒன்றாக அவர் பெயரைப் பாடநூல்கள் சொல்லிக்கொடுக்கின்றன. அவர் ஆக்கித் தந்த கருத்துகளைத் தேர்வுத்தாளில் மாணவர்கள் எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஆயினும் அக்கருத்துகள் எங்ஙனம் பிறந்தன, எத்தகைய பல்கலைக்கழகத்தில் வளர்ந்தன, அதற்கு எத்துணைக் காலம் தேவைப்பட்டது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் என்றாலே ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் இடையிலான வழக்கு, ஊதிய நிலுவை, நிரப்பப்படாத பணியிடம் என்ற செய்திகளே கண்ணில் படுகின்றன. அவை பெருங்கேடுகளே, மறுப்பதற்கில்லை. ஆனால் அவையெல்லாம் தீர்ந்த பின்னும், பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்ற வினா எஞ்சி நிற்கும். சீனிவாஸின் வாழ்க்கை அவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது என்பதனாலேயே இதை எழுதுகிறோம்.

அவர் 1916 நவம்பர் 16 அன்று பிறந்தார். மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்த ஆண்டு மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அம்பேத்கர், இந்தியாவில் சாதிகள் உருவான முறை பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். மேலோரைப் பார்த்துக் கீழோர் ஒழுகுவதால் சாதி பரவிற்று என்ற கருத்து அதில் இருந்தது. பின்னாளில் சீனிவாஸ் புகழ்பெற்றதும் இதற்கு அணுக்கமான ஒரு கருத்தினால்தான். இருவரையும் ஒருசேரப் படிப்பிக்கும் வகுப்பறை நம் நாட்டில் நெடுங்காலம் அமையவில்லை. அக்குறையைப் பாடத்திட்டக் குழுக்கள் இனியேனும் களைய வேண்டும்.

சீனிவாஸின் மூதாதையர் சீரங்கப்பட்டணத்தை அடுத்த அரக்கெரே என்னும் ஊரில் நிலம் வைத்திருந்த ஐயங்கார் குடும்பத்தினர். தந்தையார் காலத்தில் குடும்பம் மைசூர் நகரத்துக்குப் பெயர்ந்தது. அவர்கள் குடியிருந்த தெருவில் வாழ்ந்தோர் பெரும்பாலும் பார்ப்பனர். வீட்டின் பின்சுவரைத் தாண்டிச் சில அடிகள் நடந்தால் பண்டிக்கேரி. அங்கே ஆடு மேய்க்கும் குறும்பர் மரபினர் குடியிருந்தனர். பேச்சு, உணவு, சண்டை, வழிபாடு ஆகிய எதுவும் முன்தெருவைப் போல் இல்லை. வேற்றுப் பண்பாடு ஒன்றைக் கண்டு தாம் முதன்முதலில் திகைத்தது கடல் கடந்த நாட்டில் அன்று, வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் என்று முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். கொல்லைப்புறத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். அதை ஆராய்வதற்குரிய பொருளாகக் கருதுவதற்கு ஒரு கல்வி வேண்டியிருக்கிறது.

அந்தக் கல்வியை அவருக்கு முதலில் தந்தது மைசூர்ப் பல்கலைக்கழகம். பிறகு பம்பாயில் சமூகவியல் பேராசிரியர் ஜி. எஸ். குர்யே. மைசூரில் கன்னடச் சாதிகளிடையே நிலவிய திருமணமும் குடும்பமும் பற்றிய நூல் 1942இல் வெளிவந்தது. குர்யேயிடம் ஆய்வு உதவியாளராக இருந்தபோது தமிழ்ப் பகுதிகளிலும் தெலுங்குப் பகுதிகளிலும் சுற்றி நாட்டார் பாடல்களைத் திரட்டினார். குடகு மக்கள் பற்றிய ஆய்வுக்கு 1944இல் பம்பாயில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு ஆக்ஸ்போர்டு சென்று, மானுடவியல் பேராசிரியர் ராட்கிளிஃப் பிரவுனிடமும் அவர் ஓய்வுபெற்றபின் எவான்ஸ் பிரிச்சார்டிடமும் அதே குடகுச் செய்திகளைப் புதிதாக அலசி, 1947இல் மீண்டும் ஒரு முனைவர் பட்டம் பெற்றார். 1952இல் அச்சேறிய குடகு நூலில்தான், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியொன்று புலால் மறுத்து, கள்ளை விலக்கி, வடமொழிச் சடங்குகளை மேற்கொண்டு ஓரிரு தலைமுறைகளில் தன் படிநிலையை உயர்த்திக்கொள்ள முயலும் போக்கை எடுத்துக்காட்டினார். சமஸ்கிருதமயமாதல் என்று பாடநூல்கள் குறிப்பது இதைத்தான்.

அக்கருத்தின் மீது எழுந்த கண்டனங்கள் பல. பார்ப்பனரையே எல்லாரும் பின்பற்றினார்களா? குஜராத்தில் பட்டிதார்களைக் கூர்ந்து பார்த்த மானுடவியலார் டேவிட் போகாக், அரச மரபினரைப் பின்பற்றும் வழியும் உண்டு என்றார். சீனிவாஸும் தம் கருத்தை விரித்துக்கொண்டார். தமிழர் பட்டறிவு இதைவிடவும் கூர்மையானது. தென்மாவட்ட நாடார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்களைச் சத்திரியர் என்று நிறுவ முயன்று, கமுதிக் கோயில் நுழைவு வழக்கை இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுசென்று தோற்றனர். பின்னர் வணிகம், கல்வி, சங்கம், சுயமரியாதை இயக்கம் என்ற வேறு வழிகளில் ஏற்றம் கண்டனர். மேலே இருப்பவனைப் போல் ஆவது ஒரு வழி. மேல் கீழ் என்பதையே மறுப்பது இன்னொரு வழி. இரண்டாவதை விளக்கச் சீனிவாஸின் கருத்து மட்டும் போதாது.

அவருடைய பெருமையை நாம் காண்பது கருத்துகளைக் காட்டிலும் அவற்றைத் தேடிய முறையில்தான். 1948இல் ஆக்ஸ்போர்டுப் பணியில் சேர்ந்த கையோடு, களப்பணிக்கென அவருக்கு ஓராண்டு விடுப்பு அளிக்கப்பட்டது. மூதாதையர் ஊருக்குச் சில கல் தொலைவிலேயே உள்ள ஒரு சிற்றூரைத் தேர்ந்தார். இராம்புரா என்று நூலில் புனைபெயர் சூட்டிய அவ்வூரில் அப்போது 1,523 பேர் வாழ்ந்தனர். பத்தொன்பது இந்துச் சாதியினரும் முஸ்லிம்களும் இருந்தனர். ஏறக்குறைய பாதிப் பேர் உழவர்களான ஒக்கலிகர். ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, காளைகள் கட்டும் மனையில் ஆய்வாளருக்கு இடம் கிடைத்தது. ஒருபுறம் மாடுகள் அசைபோட, ஊரார் வந்து போகும் அந்த இடத்தில் அமர்ந்துதான் உலகறிந்த குறிப்புகள் எழுதப்பட்டன.

ஊர் அவரை ஆய்வாளராகப் பார்க்கவில்லை. பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளையாகவே பார்த்தது. ஒருநாள் குளித்து முடித்தபின் அவர் முகம் மழித்துக்கொண்டிருப்பதைக் கண்ட ஊர்த்தலைவர் கடிந்துகொண்டார். மழித்த பின்னரே குளிப்பது ஆசாரம். ஐயங்கார் வீட்டுப் பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்பது அவர் எண்ணம். உழவர் குலத் தலைவர் ஒருவர், ஆக்ஸ்போர்டில் படித்த பார்ப்பனருக்குப் பார்ப்பன ஒழுக்கத்தைக் கற்பிக்கிறார்! சாதி என்பது மேலிருப்போர் மட்டும் காக்கும் வேலியன்று, அதில் வாழும் ஒவ்வொருவரும் மற்றவரைக் கண்காணித்துக் காப்பது என்பதை எந்த வினாப்படிவமும் இத்துணைத் தெளிவாகப் புலப்படுத்தியிராது. வினாப்படிவத்தில் முகம் மழிப்பதைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அதே மனையே அவர் கண்ணையும் மறைத்தது. ஊர்த்தலைவரின் விருந்தினர் தீண்டாமைக்கு ஆளானோர் குடியிருப்பில் விருப்பம்போல் புழங்க இயலவில்லை. தாம் வரைந்த ஊர்ச் சித்திரம் மேல்சாதியார் நின்ற இடத்திலிருந்து கண்ட சித்திரமே என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அவரிடம் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊரைத் தேர்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயரிட்டு, 1965இல் வெளிவந்த நூலால் நிலையான புகழ் பெற்றார். அவரும் குடியிருந்தது அக்கிரகாரத்தில்தான். ஆய்வாளர் எந்தத் திண்ணையில் அமர்கிறார் என்பதே அவர் எதைக் காண்பார் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. பள்ளர், பறையர், சக்கிலியர் தெருக்களில் பிறந்த ஆய்வாளர்கள் எழுத வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுகிறது. இவ்விரு அறிஞர்களையும் குறை கூறுவது நம் நோக்கம் இல்லை. தங்கள் பார்வையின் எல்லையைத் தாங்களே எழுதிவைத்த நேர்மை அவர்களிடம் இருந்தது.

பரோடாவில் சீனிவாஸ் எட்டாண்டுகள் பணியாற்றினார். மேனாட்டு நூல்களை வகுப்பில் ஒப்பிப்பதோடு சமூகவியல் முடிந்துவிடாது, மாணவர் ஊருக்குள் சென்றே தீர வேண்டும் என்பதைத் துறையின் நெறியாக்கினார். பழங்குடிகளை மானுடவியலும் நகரத்தாரைச் சமூகவியலும் பங்கிட்டுக்கொண்டிருந்த வழக்கம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று கருதி, இரண்டையும் ஒன்றாகவே நடத்தினார். உடன் பணியாற்றிய ஐ. பி. தேசாய் சௌராட்டிரத்து மகுவா நகரில் குடும்ப அமைப்பை ஆராய்ந்தார். கூட்டுக்குடும்பம் சிதைகிறது என்ற பொதுப் புலம்பலை நம்பாமல், ஒரே கூரையின்கீழ் வாழ்வதும் உறவுக் கடமைகளால் பிணைந்திருப்பதும் வெவ்வேறு என்று பிரித்துக் காட்டினார். மாணவரான ஏ. எம். ஷா கேடா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை ஆய்ந்தார். குலமரபு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட வகிவஞ்சா பாரோட்டுகளின் ஏடுகளைப் பற்றி ஆர். ஜி. ஷ்ராஃபுடன் சேர்ந்து எழுதினார். அது 1958இல் வெளியாயிற்று. குஜராத்தில் இருந்த பல்கலைக்கழகம் குஜராத்தை ஆராய்ந்தது. மிக எளிய செய்திபோல் தோன்றும் இது நம் நாட்டில் எத்துணை அரிது என்பது துறைசார்ந்தோர் அறிந்ததே.

இராம்புராவைப் பற்றிய எழுத்துகள் பரோடாக் காலத்தில்தான் பெருகின. 1955இல் எழுதிய கட்டுரையில், ஊர்ப் பெரியவரின் சொல்லுக்கு அடங்கி மொத்தமாக விழும் வாக்குகளை வாக்கு வங்கி என்று குறித்தார். இன்று தெருமுனைக் கூட்டத்தில் பேசுவோர் வாயிலெல்லாம் புழங்கும் அத்தொடர் ஒரு பேராசிரியரின் களக்குறிப்பிலிருந்து வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. 1959இல் ஆதிக்க சாதி பற்றிய கட்டுரை வெளிவந்தது. தலையெண்ணிக்கை, நிலவுடைமை, அரசியல் செல்வாக்கு, மிகத் தாழாத சடங்கு நிலை, புதிய கல்வியும் அரசுப் பணியும் ஆகியவை ஒரு சாதியிடம் குவியும்போது, வருணப் படிநிலை என்னவாக இருந்தாலும் ஊரை ஆள்வது அச்சாதியே என்றார். ஊராட்சித் தேர்தல், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, ஆணவக்கொலை ஆகியவற்றை இன்று தமிழகத்தில் நோக்குவோர்க்கு அக்கட்டுரை பழையதாகத் தோன்றாது. பார்ப்பனரல்லாதார் அரசியல் ஓங்கிய மண்ணில் இடைநிலைச் சாதிகளின் அதிகாரத்தைப் பெயர் சொல்லிப் பேசத் தயங்கும் நம் பொதுவாழ்வுக்கு அது சங்கடமான கட்டுரையுங்கூட.

பிறகு 1959இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1972இல் பெங்களூரில் வி. கே. ஆர். வி. ராவ் தொடங்கிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். 1977இல் பத்மபூஷண் விருது. 1999 நவம்பர் 30 அன்று பெங்களூரில் மறைவு. பெருமைகளின் பட்டியல் நீளமானது. அதை இங்கே அடுக்கத் தேவையில்லை.

ஆனால் 1970 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் உள்ள உயராய்வு மையத்தில் அமர்ந்து இராம்புரா நூலை எழுதத் தொடங்கியிருந்தார். வியட்நாம் போர்க்கால மாணவர் கொந்தளிப்பின் நடுவே அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தனர். பல்லாண்டு உழைப்பில் வகைப்படுத்தி எழுதிய குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கேயே இருந்தன, மூன்றும் எரிந்தன. மூலக் கையேடுகள் தில்லியில் இருந்தனவாயினும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வலுவில்லை. நினைவிலிருந்தே எழுதுமாறு சோல் டாக்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலார் வற்புறுத்தினார். அட்டவணைகளும் புள்ளிவிவரங்களும் தீயோடு போக, மனிதர்கள் எஞ்சினர். 1976இல் வெளிவந்த நூலில் ஊர்த்தலைவரும் சுற்றத்தாரும் நாவல் மாந்தர்போல் நடமாடுகிறார்கள். அதில் அறிவியல் குறைந்துவிட்டது என்று முணுமுணுத்தோர் உண்டு. நம் எண்ணத்தில், அவர் எழுதியவற்றுள் நெடுநாள் நிற்கக் கூடியது அதுவே.

களத்தில் கால்வைத்தது 1948. நூல் வந்தது 1976. இருபத்தெட்டு ஆண்டுகள்! 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் ஆசிரியரின் உழைப்பைப் புள்ளிகளாக எண்ணத் தொடங்கின. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, பயிற்சி வகுப்புக்கு இத்தனை. அவ்விதிகள் பின்னர் பன்முறை திருத்தப்பட்டன. எண்ணும் பழக்கம் மட்டும் ஒழியவில்லை. ஓர் ஊரில் ஓராண்டு அமர்ந்து ஒன்றும் அச்சிடாத ஆசிரியர் இக்கணக்கில் சோம்பேறி. கட்டணம் கொடுத்து ஏதோவோர் இதழில் ஆண்டுக்கு ஆறு கட்டுரை போட்டவர் உழைப்பாளி. சீனிவாஸும் இடையில் வாளாவிருக்கவில்லை. 1951 முதல் பல ஆய்வாளர்கள் சிற்றூர்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் சச்சின் சௌதுரி நடத்திய ‘எகனாமிக் வீக்லி’ என்ற வார இதழில் வந்தன. அவற்றை அவர் தொகுக்க, 1955இல் மேற்குவங்க அரசே நூலாக வெளியிட்டது. பொதுமக்களும் வாங்கிப் படிக்கும் வார இதழில் எழுதுவது அன்றைய பேராசிரியர்க்கு இழுக்காகத் தோன்றவில்லை. இன்று ஒரு தமிழ் இதழில் எழுதும் ஆசிரியருக்குப் பதவி உயர்வுக் குழு என்ன புள்ளி தரும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

தமிழகத்துக்கு இந்நெறி புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து எழுதி வரச் செய்தார். வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்று அவ்வூர்களின் நிலமும் கூலியும் கடனும் 1918இல் நூலாயின. அதே ஊர்களில் 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் மறு ஆய்வு நடத்தினர். 1980களில் ச. குகன் முதலானோர் இருவேல்பட்டுக்கும் பிற ஊர்களுக்கும் மீண்டும் சென்றனர். ஒரே ஊரின் மாற்றத்தைப் பல தலைமுறையாகத் தொடர்ந்து படிக்கக் கூடிய இத்தகைய செல்வம் உலகில் மிகச் சில பகுதிகளுக்கே வாய்த்தது. அதற்கு வித்திட்டது ஒரு விடுமுறைக்கால வீட்டுப்பாடம்.

ஸ்லேட்டரின் மாணவர்கள் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். இன்று நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் படிக்க வருவோர் பெரும்பாலும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்: களையெடுக்கும் தாய்க்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பிறந்த பிள்ளைகள். ஊர்த்தலைவரின் கொட்டிலிலிருந்து சீனிவாஸ் காண முடியாததை இவர்கள் பிறந்தது முதல் கண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் என்ன செய்யச் சொல்கிறோம்? ஆங்கில நூலொன்றின் சுருக்கத்தைப் படியெடுத்து, அலைபேசி வழியே ஐம்பது பேருக்கு வினாப்படிவம் அனுப்பி, வந்த விடைகளை விழுக்காடாக்கிக் கட்டுக்கட்டிக் கொடுக்கச் சொல்கிறோம். நெறிப்படுத்த வேண்டிய ஆசிரியரோ பல துறைகளில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்று அறியாதவரிடம் ஓராண்டுக் களப்பணியைப் பற்றிப் பேசுவது கேலியாகவே படும்.

ஆகவே நாம் கேட்பது மிகையன்று. மாநில அரசு காலிப் பணியிடங்களை நிலையான ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். சமூக அறிவியல் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் முழு ஊதியத்தோடு ஓராண்டுக் களவிடுப்பு வேண்டும். ஆக்ஸ்போர்டு 1948இல் ஓர் இளம் விரிவுரையாளருக்கு முதலாண்டிலேயே தந்தது அது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு கோடை விடுமுறையைத் தம் ஊரிலோ தெருவிலோ கழித்து, தாம் கண்டதைத் தமிழில் எழுதித் தருவது ஆய்வேடாக ஏற்கப்பட வேண்டும். அக்குறிப்புகள் ஊராரின் பெயர் மறைத்து, தேதியிட்டு, நூலகத்தில் பேணப்பட வேண்டும். 1970ஐ மறவாமல், ஒரு படியை வேறு கட்டடத்தில் வைப்பதும் நன்று. இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. வருகிற கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். தொடங்குவதற்கு இருவேல்பட்டும் கங்கைகொண்டானும் இன்றும் பேருந்து செல்லும் ஊர்களே.